சுவரில் தொங்கும் படுக்கை விரிப்பு: அமிஷ், மென்னோனைட் குயில்ட்டுகளைப் பார்க்கும் விதம்

கேள்வி: அமெரிக்கப் பயணத்தின்போது ஓர் அருங்காட்சியகத்தில், அமிஷ், மென்னோனைட் பெண்கள் தைத்த நூறாண்டுப் பழமையான குயில்ட்டுகளை ஓவியங்களைப் போலச் சுவரில் மாட்டி, மங்கிய வெளிச்சத்தில் வைத்திருந்ததைப் பார்த்தேன். படுக்கை விரிப்புக்கு ஏன் இவ்வளவு மரியாதை? வீட்டுக்கு மின் இணைப்புகூட வேண்டாம் என்று வாழும் மக்கள் நவீன ஓவியத்தை ஒத்த ஒன்றை எப்படிச் செய்தார்கள்? இரு பிரிவினரின் வேலையையும் எப்படிப் பிரித்தறிவது?

பதில்:

முதலில் பொருள் இன்னதென்று சொல்லிவிடுகிறேன். குயில்ட் என்பது மூன்று அடுக்குகளைச் சேர்த்துத் தைத்த போர்வை. மேலே, துணித்துண்டுகளை வெட்டி இணைத்து உருவாக்கிய முகப்பு, நடுவில், மெல்லியதாகப் பரப்பிய பஞ்சு, அடியில் உள்துணி. இந்த மூன்றும் ஒன்றைவிட்டு ஒன்று நகராமல் இருப்பதற்காக, மேலிருந்து அடிவரை ஊசி இறங்கி ஏறும் சின்னஞ்சிறு ஓட்டுத் தையலைப் போர்வை முழுவதும் ஓட்டுவார்கள். ஆகவே ஒவ்வொரு குயில்ட்டிலும் இரண்டு வேலைகள் இருக்கின்றன: துண்டுகளை இணைக்கும் வேலை ஒன்று, அடுக்குகளைப் பிணைக்கும் வேலை மற்றொன்று. முதலாவது அறையின் வாசலிலிருந்தே கண்ணில் படும். இரண்டாவதைப் பார்க்க அருகில் போக வேண்டும். காட்சிக்கு வருபவர்களில் பலர் நிறத்தை மட்டும் பார்த்துவிட்டு அடுத்த அறைக்கு நகர்ந்துவிடுவது எனக்கு நெடுநாளைய வருத்தம். ஆகவே இந்தப் பதிலில் அந்த இரண்டாவது வேலைக்குக் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

இந்த மக்கள் யார் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1525ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில், குழந்தைக்குக் கொடுக்கும் ஞானஸ்நானம் செல்லாது, அறிந்து ஏற்கும் வயதில்தான் அதைப் பெற வேண்டும் என்று ஒரு கூட்டம் பிரிந்தது. அரசும் திருச்சபைகளும் அவர்களைக் கடுமையாகத் துன்புறுத்தின. நெதர்லாந்தில் பாதிரியார் பொறுப்பைத் துறந்து அவர்களோடு சேர்ந்த மென்னோ சிமன்ஸின் பெயரால் மென்னோனைட் என்ற பெயர் வந்தது. 1693இல் யாக்கோப் அம்மான் என்பவர், சபை ஒழுக்கம் தளர்ந்துவிட்டது என்று சொல்லித் தனியே பிரிந்தார். அவரைப் பின்பற்றியவர்கள் அமிஷ் ஆனார்கள். வில்லியம் பென் உருவாக்கிய பென்சில்வேனியா குடியேற்றம் மத உரிமை தந்ததால், 1683இல் ஜெர்மன்டவுனுக்கு மென்னோனைட் குடும்பங்களும், 18ஆம் நூற்றாண்டில் அமிஷ் குடும்பங்களும் கப்பலேறி வந்தன. இன்று அமிஷ் மக்கள்தொகை ஏறத்தாழ 4 லட்சம். பெரும்பகுதியினர் பென்சில்வேனியா, ஒஹையோ, இந்தியானா ஆகிய மூன்று மாநிலங்களில் வாழ்கிறார்கள்.

அவர்கள் வந்த கப்பலில் குயில்ட் வரவில்லை. ஜெர்மன் மொழி பேசும் அந்தக் குடும்பங்கள் ஐரோப்பாவில் இறகு அடைத்த மெத்தைப் போர்வையைத்தான் பயன்படுத்தின. அமெரிக்காவுக்கு வந்த பின்னும் பல தலைமுறைகள் அதையே வைத்திருந்தன. குயில்ட் தைக்கும் பழக்கம் ஆங்கிலம் பேசும் அண்டைவீட்டாருடையது. மென்னோனைட் பெண்கள் அதை முதலில் கற்றுக்கொண்டார்கள். அமிஷ் பெண்கள் இன்னும் காலம் தாழ்த்தினார்கள். 1870க்கு முற்பட்ட அமிஷ் குயில்ட் கிடைப்பது மிக அரிது. நீங்கள் சுவரில் பார்த்த தலைசிறந்த வேலைகள் பெரும்பாலும் ஏறத்தாழ 1880க்கும் 1940களுக்கும் இடைப்பட்டவையாக இருக்கும். அந்தப் பெண்கள் அண்டைவீட்டாரிடம் பெற்ற ஒரு வழக்கத்தைத் தங்கள் சபை ஒழுங்குக்குள் கொண்டுவந்து, அரை நூற்றாண்டுக்குள் வேறெங்கும் காண முடியாத ஒன்றாக மாற்றிவிட்டார்கள். ‘ஆதிகால மரபு’ என்று அறிமுகம் செய்யப்படுவதைவிட இந்த உண்மை எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இனி உங்களுடைய இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அமிஷ் வாழ்க்கையை ‘ஓர்ட்னுங்’ எனப்படும் சபை ஒழுங்கு நடத்துகிறது. அதன் பெரும்பகுதி எழுதப்படாதது, ஒவ்வொரு சபைக்கும் சற்றே வேறுபடுவது. உடை, வண்டி, வீட்டுச் சாமான் எல்லாவற்றிலும் எளிமை வேண்டும், ஒருவர் மற்றவரைவிடத் தனித்துத் தெரியக் கூடாது என்பது அதன் உள்ளார்ந்த எண்ணம். பூப்போட்ட துணியும் கோடுபோட்ட துணியும் ஆடம்பரமாகக் கருதப்பட்டன. ஆனால் நிறம் விலக்கப்படவில்லை. ஊதா, கருநீலம், பச்சை, திராட்சை ரச நிறம் ஆகியவற்றில் ஒற்றை நிறத் துணியைத்தான் பெண்கள் உடையாகத் தைத்து அணிந்தார்கள். அதே துணிதான் குயில்ட்டுக்கும் வந்தது. அச்சுத் துணியே இல்லாமல், ஒற்றை நிறத் துணிகளை மட்டும் பெரிய பெரிய பரப்புகளாக ஒன்றையொன்று ஒட்டி வைத்தால், நிறத்துக்கும் நிறத்துக்கும் இடையிலான உறவைத் தவிர அங்கே வேறொன்றும் மிஞ்சாது. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் சில ஓவியர்கள் தாங்களாகவே எல்லாவற்றையும் விலக்கிவிட்டு வந்து சேர்ந்த இடம் அது. யோசெஃப் ஆல்பர்ஸ் சதுரத்துக்குள் சதுரம் வரையத் தொடங்கியது 1950இல். பென்சில்வேனியாவில் உள்ள லான்காஸ்டர் கவுன்டியின் (கவுன்டி என்பது நம் மாவட்டம் போன்றது) அமிஷ் பெண்கள் அதற்கு அறுபது, எழுபது ஆண்டுகளுக்கு முன்பே சதுரத்துக்குள் சதுரம் வைத்துவிட்டார்கள். ஒருவரைப் பார்த்து மற்றவர் செய்யவில்லை. அவர்களைக் கட்டுப்படுத்திய விதியே அந்த வடிவத்துக்கு வழிகாட்டியது.

அந்தச் சதுரத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். லான்காஸ்டர் கவுன்டியின் அடையாளம் என்று சொல்லத்தக்க வடிவம், நடுவில் சாய்சதுரம் வைத்தது. போர்வை ஏறக்குறைய சதுரமாக, பக்கத்துக்கு ஆறரை அடி அளவில் இருக்கும். நடுவில் ஒரு சதுரம். அதற்குள் முனை மேல்நோக்கி நிற்கும் இன்னொரு சதுரம். சுற்றிலும் ஒரு மெல்லிய கரை. அதற்கு வெளியே பத்து அங்குலத்துக்கும் மேல் அகலமுள்ள பெரிய கரை. நான்கு மூலைகளிலும் வேறு நிறச் சதுரக் கட்டங்கள். கடைசியாக, பிற ஊர்க் குயில்ட்டுகளில் காணாத அளவுக்கு அகலமான ஓரப்பட்டி. மொத்தத்தில் இருபது துண்டுகள்கூட இருக்காது. துணி பெரும்பாலும் மெல்லிய நயமான கம்பளி. கம்பளி சாயத்தை ஆழமாக உறிஞ்சுவதால், பருத்தியில் வராத ஒரு கனம் அந்த நிறங்களுக்கு வரும். இவை கிழிந்த உடைகளின் மிச்சத்தில் தைக்கப்பட்டவை என்று பலர் நினைக்கிறார்கள். அவ்வளவு பெரிய துண்டுகள் கந்தலில் கிடைக்காது. இதற்கென்றே கடையில் கஜக்கணக்கில் துணி வாங்கித்தான் தைத்தார்கள்.

இப்போது இரண்டடி முன்னால் போய், பக்கவாட்டிலிருந்து விழும் வெளிச்சத்தில் பாருங்கள். தொலைவிலிருந்து வெறுமையாகத் தெரிந்த சாய்சதுரத்தின் நடுவே எட்டு முனை நட்சத்திரம் ஒன்று தையலாக எழும்பியிருக்கும். அதைச் சுற்றி இறகுகளால் ஆன வளையம். மெல்லிய கரையில் பூசணி விதை வடிவ இதழ்கள் வரிசையாக ஓடும், அல்லது திராட்சைக் கொடி படரும். அகன்ற கரை முழுவதும் இறகுத் தோரணம் அலையலையாக வளைந்து போகும். மூலைக் கட்டத்தில் பூக்கூடை இருக்கலாம். இடைவெளிகளில் குறுக்கும் நெடுக்குமாகச் சதுரக் கட்டத் தையல். நல்ல கையில் ஓர் அங்குலத்துக்குப் பத்து, பன்னிரண்டு தையல் விழும். நூலோ துணியின் நிறத்தோடு ஒன்றிய அடர்நிறம். வீட்டில் படம் மாட்டக் கூடாது, உடையில் பூ இருக்கக் கூடாது என்ற ஒழுங்குக்குள் வாழ்ந்த பெண், பூவையும் இறகையும் நட்சத்திரத்தையும் துணியின் நிறத்துக்குள்ளேயே, அருகில் வருபவர் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி தைத்து வைத்தார். எனக்குத் தெரிந்தவரை அந்தச் சமூகத்தில் இதற்கு யாரும் தடை சொன்னதில்லை. இந்த ஓர் இடத்தில் நீங்கள் பத்து நிமிடம் நின்றால் போதும், மற்றக் குயில்ட்டுகளைப் பார்க்கும் முறை தானாக வந்துவிடும்.

செய்முறையும் இதோடு சேர்ந்தது. முகப்புத் துண்டுகளை இணைப்பதற்குக் கால்மிதித் தையல் மெஷினைப் பயன்படுத்தினார்கள். மின்சாரம் வேண்டாத மெஷினுக்குச் சபையில் தடை இல்லை. ஆனால் அடுக்குகளைப் பிணைக்கும் தையல் கையால்தான். அட்டையில் அல்லது தகரத்தில் வெட்டிய அச்சை வைத்துத் துணிமேல் பென்சிலாலோ சுண்ணக்கட்டியாலோ தடம் வரைவார்கள். இப்படி வரைவதில் பெயர்பெற்ற பெண்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள், அக்கம்பக்கத்தார் தங்கள் துணியை அவர்களிடம் கொண்டுபோவார்கள். பிறகு நான்கு மரச்சட்டங்களால் ஆன சட்டகத்தில் மூன்று அடுக்குகளையும் விறைப்பாகக் கட்டி, உறவுப் பெண்களும் அண்டைவீட்டுப் பெண்களும் சுற்றி உட்கார்ந்து தைப்பார்கள். ஓரத்திலிருந்து தைத்து முடிக்க முடிக்கத் துணியைச் சட்டத்தில் சுருட்டிக்கொண்டு நடுவை நோக்கி நகர்வார்கள். ஆகவே குயில்ட்டின் அருகே அருங்காட்சியகம் வைக்கும் விவரச் சீட்டில் ஒரே பெயர் இருந்தாலும், அந்தப் போர்வையில் பல கைகள் இருக்கக்கூடும். ஒரே கரையின் ஒரு பகுதியில் தையல் நெருக்கமாகவும் அடுத்த பகுதியில் சற்று நெகிழ்ந்தும் இருப்பதைக் கவனித்தால் அது புரியும்.

லான்காஸ்டரின் மற்ற இரண்டு பெரிய வடிவங்களை வேகமாகச் சொல்லிவிடலாம். ஒன்று, நெடுங்கோடுகளாக நிற்கும் ‘பட்டைகள்’. மற்றொன்று ‘வெயிலும் நிழலும்’: சிறு சிறு சதுரங்களை நிறவரிசைப்படி ஒன்றைச் சுற்றி ஒன்றாகச் சாய்வாக அடுக்கி, நடுவிலிருந்து ஒளி விரிவதுபோலச் செய்வது. சாய்சதுர வடிவம் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஓர் ஊகம் உண்டு. அமிஷ் வழிபாட்டில் இன்றும் பாடப்படும் ‘அவுஸ்பண்ட்’ என்ற 16ஆம் நூற்றாண்டுப் பாடல் தொகுப்பின் பழைய பிரதிகள் சிலவற்றில், தோல் அட்டையின் நடுவில் சாய்சதுரமாகவும் நான்கு மூலைகளிலும் பித்தளைத் தகடு பதித்திருக்கும். அந்த அட்டையையும் குயில்ட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒற்றுமை கண்ணை இழுக்கிறது. ஆனால் அதற்கு ஆவணச் சான்று இல்லை என்பதால் நான் அதை ஓர் அழகான ஊகமாக மட்டுமே வைத்துக்கொள்கிறேன்.

மேற்கே போகப் போகக் காட்சி மாறும். ஒஹையோவின் ஹோம்ஸ் கவுன்டியிலும், இந்தியானாவின் லக்ரேஞ்ச், எல்க்கார்ட் பகுதிகளிலும் குடியேறிய அமிஷ் குடும்பங்கள், தங்களைச் சுற்றியிருந்த பிற சமூகத்தாரோடு கூடுதலாகப் பழகினார்கள். அவர்களுடைய கட்ட வடிவங்களையும் எடுத்துக்கொண்டார்கள். துணி கம்பளியிலிருந்து பருத்திக்கு மாறியது. போர்வை சதுரத்திலிருந்து நீள்சதுரமானது. கடல் அலை, உருளும் கனசதுரம், வில் முடிச்சு, விசிறி போன்ற சிறு கட்டங்கள் திரும்பத் திரும்ப வரும். பின்னணி பெரும்பாலும் கறுப்பு. கறுப்புப் பின்னணியில் நீலமும் இளஞ்சிவப்பும் வைத்தால் அவை உள்ளிருந்து எரிவதுபோலத் தெரியும். அந்த விளைவை ஒஹையோ பெண்கள் முழுமையாக அறிந்து வைத்திருந்தார்கள். பென்சில்வேனியாவிலேயே மிஃப்லின் கவுன்டியில் ‘பெரிய பள்ளத்தாக்கு’ என்று அழைக்கப்படும் இடத்தில், வண்டியின் கூரை நிறத்தைக் கொண்டே சபையை அடையாளம் காணக்கூடிய மூன்று அமிஷ் பிரிவினர் வாழ்கிறார்கள்: வெள்ளைக் கூரைக்காரர்கள், மஞ்சள் கூரைக்காரர்கள், கறுப்புக் கூரைக்காரர்கள். இவர்களில் மிகக் கண்டிப்பானவர்கள் ‘நெப்ராஸ்கா அமிஷ்’ எனப்படும் வெள்ளைக் கூரைக்காரர்கள்; அவர்களுடைய குயில்ட்டுகள் பழுப்பும் நீலமுமாக, நான்கு துண்டு சேர்ந்த எளிய கட்டங்களால் ஆனவை. அடக்கமான அந்தப் பழுப்புகளின் அருகே நின்றுவிட்டு லான்காஸ்டர் ஊதாவுக்குத் திரும்பினால், ஓர்ட்னுங் என்பது சபைக்குச் சபை எவ்வளவு மாறும் என்பது கண்ணாலேயே விளங்கும்.

மென்னோனைட் குயில்ட்டுகளுக்கு அருங்காட்சியகங்களில் கிடைக்கும் இடம் குறைவு என்பது என் மனக்குறை. லான்காஸ்டர் பகுதியிலேயே அமிஷ் வீட்டுக்கு அடுத்த பண்ணையில் வாழ்ந்த மென்னோனைட் பெண்கள், உடையில் எளிமையைக் கடைப்பிடித்தாலும் வீட்டுச் சாமானில் அதே கண்டிப்பைக் காட்டவில்லை. சிறு பூப்போட்ட அச்சுப் பருத்தித் துணியை அவர்கள் தாராளமாகப் பயன்படுத்தினார்கள். இளஞ்சிவப்பின் மேல் அடர்சிவப்பு அச்சடித்த ‘இரட்டை இளஞ்சிவப்பு’, ஈய குரோமேட் சாயத்தால் வரும் குரோம் மஞ்சள், குரோம் ஆரஞ்சு, அடர்பச்சை, துருக்கிச் சிவப்பு ஆகியவற்றை ஒரே போர்வையில் துணிந்து வைப்பார்கள். விவிலியத்து யோசேப்பின் பலவண்ண அங்கியை நினைத்துப் பெயரிட்ட ‘யோசேப்பின் அங்கி’ வடிவம் லான்காஸ்டர் மென்னோனைட்டுகளின் தனிச்சொத்து: வானவில் நிறங்கள் பட்டை பட்டையாக நிற்க, கரையில் அதே நிறங்கள் சாய்வாகத் திரும்பி ஓடும். மரக்கட்டைகளை அடுக்கியதுபோலத் துணிக்கீற்றுகளை அடுக்கும் ‘மரக்குடில்’ வடிவத்திலும், பெரிய நட்சத்திர வடிவங்களிலும் அவர்கள் கை தேர்ந்தவர்கள். அமிஷ் வேலையின் முன் கண் அமைதியடைகிறது. இதன் முன் கண் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒன்றை உயர்ந்தது என்றும் மற்றதை அடுத்தபடியானது என்றும் வைப்பதற்கு நியாயம் இருப்பதாக நான் நினைக்கவில்லை.

மென்னோனைட் பெண்களின் வேலையில் இன்னொரு பக்கமும் உண்டு. 1920இல் தொடங்கப்பட்ட மென்னோனைட் மையக் குழு என்ற நிவாரண அமைப்பின் வழியாக, அகதிகளுக்கும் போரில் வீடிழந்தவர்களுக்கும் அனுப்புவதற்காகவே அவர்கள் போர்வை தைத்தார்கள். அவசரத்துக்குத் தைத்தவை என்பதால் இவற்றில் பலவற்றில் ஓட்டுத் தையல் இருக்காது. ஆங்காங்கே நூல் கோத்து முடிச்சுப் போட்டு அடுக்குகளைப் பிணைத்திருப்பார்கள். இரண்டாம் உலகப்போருக்குப் பின் வட அமெரிக்காவிலிருந்து நெதர்லாந்துக்குப் போன அப்படிப்பட்ட போர்வைகள் சில பத்திரமாகப் பாதுகாக்கப்பட்டு, பல ஆண்டுகள் கழித்துக் காட்சிக்கு வந்தன. இறகுத் தோரணம் இல்லாத அந்தப் போர்வைகளையும் நான் அதே மரியாதையோடு பார்க்கிறேன்.

பிரித்தறிவதற்கான வழியைச் சுருக்கமாகச் சொன்னால்: ஒற்றை நிறத் துணி மட்டும் முகப்பில் இருந்தால் அமிஷ் என்றும், அச்சுத் துணி கலந்திருந்தால் மென்னோனைட் அல்லது பிறர் என்றும் தொடங்கலாம். ஆனால் அதோடு நிறுத்தக் கூடாது. மென்னோனைட் பெண்களும் ஒற்றை நிறத்தில் தைத்ததுண்டு. அமிஷ் குயில்ட்டின் முகப்பில் வராத பூத்துணி அதன் அடித்துணியில் வருவதுண்டு. காலத்தைக் கணிப்பதற்குத் துணியும் சாயமும் உதவும். 1920, 1930களில் ரேயான் துணி தலைகாட்டும். நயமான கம்பளி கிடைப்பது அரிதான பிறகு பலவகைச் செயற்கை இழைகள் வரும். பாலியஸ்டர் பஞ்சு அடைத்து, புசுபுசுவென்று உப்பி, தையல் இடைவெளி விட்டிருந்தால் அது 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. 1870களுக்குப் பின் வந்த செயற்கைப் பச்சைச் சாயங்கள் சில, வெளுத்து மண் நிறமாகிவிடும். மென்னோனைட் பூ வடிவங்களில் இலைகள் பழுப்பாக இருந்தால் அவை தைக்கப்பட்ட நாளில் பச்சையாக இருந்திருக்கலாம் என்பதை நினைவில் வையுங்கள்.

இவை சுவருக்கு ஏறிய கதை 1971ஆம் ஆண்டு ஜூலையில் தொடங்குகிறது என்று சொல்வது வழக்கம். நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில், ஜோனதன் ஹோல்ஸ்டீன், கேல் வான் டெர் ஹூஃப் என்ற இருவர் தாங்கள் சேகரித்த ஏறத்தாழ 60 குயில்ட்டுகளை ஓவியங்களைப் போலவே வெள்ளைச் சுவரில் மாட்டினார்கள். அவற்றில் அமிஷ் வேலைகள் சிலதான். அந்தச் சேகரிப்பு இன்று நெப்ராஸ்கா மாநிலம் லிங்கனில் உள்ள சர்வதேசக் குயில்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிறகு வியாபாரிகள் அமிஷ் பண்ணைகளின் வாசலில் வந்து நின்றார்கள். பாட்டி தைத்த பழைய போர்வைக்குப் புதுப் போர்வையின் விலையைவிடப் பல மடங்கு கொடுப்பதாகச் சொன்னபோது பல குடும்பங்கள் கொடுத்துவிட்டன; பொருளின் மேல் பற்று வைக்கக் கூடாது என்று வளர்ந்தவர்கள் அவர்கள். சான் பிரான்சிஸ்கோவில் எஸ்பிரி என்ற ஆடை நிறுவனத்தின் உரிமையாளர் டக் டாம்ப்கின்ஸ் தம் அலுவலகச் சுவர் முழுக்க அமிஷ் குயில்ட்டுகளை மாட்டினார். அந்தச் சேகரிப்பு 1990இல் அந்நகரின் டி யங் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது. அவற்றில் லான்காஸ்டரைச் சேர்ந்த 82 குயில்ட்டுகளை 2002இல் அந்த ஊரின் பாரம்பரிய மையம் விலைக்கு வாங்கித் திருப்பிக் கொண்டுவந்தது. 2001இல் அமெரிக்க அஞ்சல் துறை 34 சென்ட் மதிப்பில் நான்கு அமிஷ் குயில்ட் அஞ்சல்தலைகளை வெளியிட்டது. 2024இல் ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலை அருங்காட்சியகம், ஃபெய்த் பிரவுன், ஸ்டீபன் பிரவுன் தம்பதியின் சேகரிப்பைக் கொண்டு அமிஷ் பெண்களின் குயில்ட்டுகளுக்கென்றே தனிக் காட்சி நடத்தியது.

இந்தப் பயணத்தில் கிடைத்தது பெரிது, தொலைந்ததும் சிறிதல்ல. தொலைந்தவை பெயர்கள். எந்த வீட்டிலிருந்து வாங்கினோம் என்பதை வெளியில் சொல்லாமல் இருப்பது பல வியாபாரிகளுக்கு வசதியாக இருந்தது. கை மாற மாறத் தைத்தவரின் பெயர் உதிர்ந்தது. கடைசியில் சீட்டில் ‘தைத்தவர் தெரியவில்லை, லான்காஸ்டர் கவுன்டி, ஏறத்தாழ 1925’ என்று மட்டும் மிஞ்சியது. பெயர் இல்லாததால் ஓவியத்தோடு ஒப்பிடுவதும் எளிதாயிற்று. பெண்களின் வேலையை ஆண் ஓவியர்களின் படங்களை ஒத்திருக்கிறது என்பதற்காக மட்டும் மதிப்பதா, தைத்தவர்களை யார் கேட்பது என்று கலை வரலாற்றாசிரியர் பட்ரீசியா மைனார்டி 1973இலேயே கேள்வி எழுப்பினார். வட இந்தியானாவில் அமிஷ் மக்களிடையே குடியேறி வாழ்ந்த டேவிட் பாட்டிங்கர் என்ற சேகரிப்பாளர், குயில்ட்டோடு குடும்ப விவரத்தையும் கேட்டுக் குறித்துக்கொண்டார். இந்தியானா மாநில அருங்காட்சியகத்துக்குச் சென்ற அந்தச் சேகரிப்பில் தைத்தவர் பெயரும் ஊரும் உள்ள சீட்டுகளைக் காணலாம். அந்தச் சீட்டு இருக்கும் குயில்ட்டின் முன் நிற்பது வேறோர் அனுபவம்: ஒருவர் மணமாகிப் போகும் மகளுக்கு அல்லது மகனுக்கு இதைக் கொடுத்தார் என்ற செய்தி சேரும்போது, அது மீண்டும் ஒரு வீட்டுப் பொருளாகிவிடுகிறது.

பெயரற்ற இடத்தில் கதைகள் முளைக்கும். கடவுள் மட்டுமே குறையற்றவர் என்பதால் ஒவ்வொரு குயில்ட்டிலும் வேண்டுமென்றே ஒரு கட்டத்தைத் தவறாகத் தைத்தார்கள் என்று உங்களுக்கும் யாரேனும் சொல்லியிருப்பார்கள். இதற்கு வலுவான சான்று எதுவும் இல்லை. இன்னும் யோசித்தால், தவறு செய்யாவிட்டால் என் வேலை குறையற்றதாகிவிடும் என்று நினைப்பதுதான் அந்தச் சமூகம் விலக்க முயன்ற பெருமை. நிறம் மாறி நிற்கும் ஒரு கட்டத்தைக் கண்டால், அந்தத் துணி தீர்ந்துபோயிருக்கலாம், விளக்கொளியில் நிறம் மயங்கியிருக்கலாம், அல்லது அந்த இடத்தில் அந்த நிறம் அவருக்குப் பிடித்திருக்கலாம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மங்கிய வெளிச்சத்தைப் பற்றியும் குறிப்பிட்டிருந்தீர்கள். துணிக்கு வெளிச்சம் செய்யும் சேதம் திரும்பப் பெற முடியாதது. சாயம் வெளுப்பதோடு இழையும் உள்ளுக்குள் நொறுங்கும். அதனால் குயில்ட் மாட்டும் அறையில் வெளிச்சத்தை ஏறத்தாழ 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்குள் வைப்பார்கள். சில மாதங்கள் காட்டிய பிறகு, ஆண்டுக்கணக்கில் இருட்டில் ஓய்வு கொடுப்பார்கள். ஆகவே நீங்கள் பார்த்த குயில்ட் அடுத்த முறை அங்கே இருக்காமல் போகலாம். எடை ஒரே இடத்தில் இழுக்காமல் இருக்க, மேல் விளிம்பு நெடுகிலும் பின்புறத்தில் ஒரு பருத்திப் பட்டியைக் கையால் தைத்து, அதில் வெல்க்ரோ பொருத்தி, சுவரில் உள்ள பலகையில் ஒட்டுவார்கள். நலிந்தவற்றைச் சாய்மேடையில் கிடத்துவார்கள். அமிலமற்ற தாளோடு உருளையில் சுற்றியோ, மடிப்புகளில் தாள் சுருளை வைத்து மடித்தோ பாதுகாப்பார்கள். லான்காஸ்டர் கம்பளிக்குப் பெரிய எதிரி அந்துப்பூச்சி. அதன் புழு கம்பளியைத்தான் தின்னும். அதனால் புதிதாக வரும் குயில்ட்டைக் கட்டி உறைகுளிரில் பல நாள் வைத்த பின்னரே மற்றவற்றோடு சேர்ப்பார்கள். பழைய கறுப்பு, பழுப்புத் துணிகளில் சாயம் பிடிக்கச் சேர்த்த இரும்புச் சத்து இழையை அரித்துவிடும். ஒரு கட்டம் மட்டும் உதிர்ந்து பஞ்சு தெரிவதைக் கண்டால் பெரும்பாலும் காரணம் அதுதான், பராமரிப்புக் குறை அன்று.

படுக்கை விரிப்புக்கு ஏன் இந்த மரியாதை என்பதற்கு இன்னும் ஒரு செய்தி. இவற்றில் மிகச் சிறந்தவை அன்றாடம் போர்த்தியவை அல்ல. அமிஷ் மக்களுக்குத் தேவாலயக் கட்டடம் கிடையாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒருவர் வீட்டில் வழிபாடு நடக்கும், முறை வரும் வீட்டுக்குச் சபை முழுவதும் வரும். அப்படிப்பட்ட நாளிலும் விருந்தினர் வரும்போதும் கட்டிலில் விரிப்பதற்கென்று நல்ல குயில்ட்டைத் தனியே எடுத்து வைப்பார்கள். அதனால்தான் நூறாண்டு கழித்தும் நிறம் குன்றாமல் நமக்குக் கிடைத்திருக்கிறது. கட்டிலில் விரிக்கும்போது சாய்சதுரம் மெத்தையின் நடுவில் அமரும். அகன்ற கரை பக்கங்களில் சரிந்து தொங்கும். குனிந்து பார்ப்பவருக்கு இறகுத் தோரணம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். சுவரில் நிமிர்ந்து நிற்கும் குயில்ட்டை மனத்துக்குள் ஒருமுறை கிடத்திப் பாருங்கள், அகன்ற கரையின் அளவு எதற்காக அப்படி வைக்கப்பட்டது என்பது விளங்கும்.

அடுத்த முறை போகும்போது முதலில் அறையின் நடுவில் நின்று நிறத்தைப் பாருங்கள். பிறகு பக்கவாட்டில் போய் நின்று, வெளிச்சம் தையலின் மேட்டிலும் பள்ளத்திலும் விழும் கோணத்தைத் தேடுங்கள். தொடாதீர்கள், கையின் எண்ணெய்ப் பசை கம்பளியில் தங்கிவிடும். சீட்டில் ஊரின் பெயரைப் படித்துவிட்டு, கடைசியாகக் கீழ் மூலைகளில் குனிந்து தேடுங்கள். சில குயில்ட்டுகளில், ஓரப்பட்டிக்குச் சற்று உள்ளே, துணியின் நிறத்திலேயே இரண்டு எழுத்தும் ஓர் ஆண்டும் தைத்திருக்கும்.